ஏழு அரியர், ஐந்து வரி

(கணியம்பாடியில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடை வேண்டாம், ஒரு நாற்காலி போதும் என்று சொல்லித்தான் வந்தேன். பின்னால் நிற்கிற தம்பிகள் முன்னால் வந்து உட்காருங்கள், பாய் இருக்கிறது.

விண்ணப்பத்தில் குறைந்த மதிப்பெண்ணை எப்படி விளக்குவது என்று பேசச் சொன்னார்கள். கேட்க ஏதோ கோச்சிங் சென்டர் தலைப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் போன வாரம் இதே இடத்தில் ஒரு தங்கை விண்ணப்பப் படிவத்தை என்னிடம் நீட்டி, "அண்ணா, செகண்ட் இயர்ல ஏன் மார்க் குறைஞ்சுதுன்னு கேட்டிருக்காங்க. நான் ஒழுங்கா படிக்கலன்னு எழுதிடட்டுமா?" என்று கேட்டாள். "ஒழுங்கா படிக்கலயா?" என்று கேட்டேன். "படிச்சேண்ணா. ஆனா வேற என்ன எழுதறது?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதே பொய்யை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,041. எங்கள் தெருவில் அன்றைக்கு அது பெரிய மார்க். அம்மா வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தார். முதல் வருடம் தட்டுத்தடுமாறித் தேறினேன். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கணிதம் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் செமஸ்டரில் நான்கு பேப்பர் போனது. நான்காம் செமஸ்டரில் மூன்று. மொத்தம் ஏழு அரியர்.

என்ன நடந்தது? 2013 ஜூலையில் கட்டட வேலையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு. எட்டு மாதம் படுக்கை. வீட்டில் சம்பாதிக்கிற இன்னொரு ஆள் அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவரும் வேலையை விட்டார். நான் சென்னையில் கேட்டரிங் வேலைக்குப் போனேன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிற வேலை. முகூர்த்த நாட்களில் விடுதிக்குத் திரும்ப இரவு இரண்டு மணி ஆகும். கல்வி உதவித்தொகை அந்த ஆண்டுக்கு உரியது அடுத்த ஆண்டு வந்தது. அதற்குள் பரீட்சைக் கட்டணத்துக்கு விடுதியில் இருந்தவர்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. லேப் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?" சொன்னேன். "ஓ, கோட்டாவா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சர்க்யூட் பற்றிக் கேட்ட எதுவும் என் காதில் விழவில்லை. பதில் தெரிந்த கேள்விகள்தான் அவை.

ஏழையும் 2015 நவம்பருக்குள் முடித்தேன். 2016இல் பட்டம். அடுத்த வருடம் முதுகலைக்கு, சமூக அறிவியல் படிக்க, ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அங்கே ஒரு கட்டம் இருந்தது. படிப்பில் இடைவெளியோ சரிவோ இருந்தால் விளக்குங்கள் என்று. நான் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: அந்த ஆண்டு பொறுப்பில்லாமல் இருந்தேன், நண்பர்களோடு நேரத்தை வீணடித்தேன், இப்போது தவறை உணர்ந்துவிட்டேன்.

விடுதியில் எனக்கு சீனியர் ஒரு அண்ணன். அவர்தான் அதைப் படித்துப் பார்த்தார். "நண்பர்களோட எங்கடா சுத்துன நீ? சாம்பார் வாளியோட சுத்துன. அதை எழுதேன்" என்றார்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். அப்பா விழுந்ததை எழுதினால் பிச்சை கேட்பதுபோல இருக்கும் என்று கூச்சம். வைவாவை எழுதினால் 'இவன் பிரச்சினை பண்ணுகிறவன்' என்று நினைப்பார்கள் என்று பயம். விளையாட்டுத்தனமாக இருந்த பையன் திருந்திவிட்டான் என்பது மட்டும் யாரையும் உறுத்தாத கதை. தேர்வு செய்கிறவர்களுக்கு அது பழக்கப்பட்டதும்கூட. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வருடம் இருந்திருக்கும். அதனால் அந்தக் கதையைக் கடன் வாங்கினேன். எனக்கு எதிராக நானே பொய்சாட்சி சொன்னேன், அதுவும் யாரும் கட்டாயப்படுத்தாமல்.

நம் பிள்ளைகள் எழுதுகிற விளக்கங்களில் பத்தில் ஆறேழு இப்படித்தான் இருக்கின்றன. நான் பார்த்த தாள்களை வைத்துச் சொல்கிறேன், இது ஆய்வுக் கணக்கு இல்லை. 'கவனச் சிதறல்', 'ஆர்வமின்மை', 'உடல்நிலை'. தோண்டிக் கேட்டால் அடியில் வேறொன்று இருக்கும். ஹால் டிக்கெட் தராமல் நிறுத்தியது இருக்கும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றது இருக்கும். விடுதியில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்தது இருக்கும். விடுதி என்றதும் ஞாபகம் வருகிறது: 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கெல்லாம் சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான். படிக்க ஒரு மேசையும் கூடவே வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அண்ணல் அம்பேத்கரின் மார்க் எத்தனை பேருக்குத் தெரியும்? 1907இல் மெட்ரிக் தேர்வில் 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டுகூட வராது. சமஸ்கிருதம் படிக்க விடாததால் பாரசீகம் எடுத்துப் படித்த மாணவர். பம்பாயில் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. அந்த 282க்கு அவருடைய மக்கள் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். அந்தக் கூட்டத்தில்தான் கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். 282 என்பதை அந்தக் கூட்டம் சரியாகப் படித்தது. எங்கிருந்து வந்த 282 என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் அம்மா சர்க்கரை கொடுத்தபோது யாரும் 'ஏன் 1,100 இல்லை' என்று கேட்காததும் அதனால்தான்.

அவருடைய கல்வி வரலாற்றில் இடைவெளியும் உண்டு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1916இல் லண்டன். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனார். சாதி தெரிந்ததும் தங்கியிருந்த விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. 1922இல் கொடுத்த ஆய்வேட்டையும் திருத்தித் தரச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் வாங்கினார். இன்றைய விண்ணப்பத்தில் 'மூன்று வருட இடைவெளியை விளக்கவும்' என்ற கட்டம் அவருக்கும் இருந்திருக்கும். அவர் என்ன எழுதியிருப்பார் என்று கற்பனை செய்து பாருங்கள். நிச்சயமாகப் 'பொறுப்பில்லாமல் இருந்தேன்' என்று எழுதியிருக்க மாட்டார்.

அதற்காக, மார்க் பொருட்டே இல்லை, அம்பேத்கரே 282தான் என்று நாளைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். அவர் கொலம்பியாவில் படித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். நான் சொல்வது, ஒரு காலத்து மார்க்கை அந்தக் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

நிறுவனங்கள் அப்படிப் படிப்பதில்லை. 2015இல் ரூர்க்கி ஐஐடி முதலாண்டு மாணவர்கள் 73 பேரை மதிப்பெண் சராசரி குறைவு என்று வெளியேற்றியது. பெரும்பாலோர் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் மறுவாய்ப்பு கிடைத்தது. ஒரே ஆண்டில், ஒரே பக்கத்திலிருந்து வந்த இத்தனை பேர் சேர்ந்து சோம்பேறிகளாகிவிட்டார்களா என்ற கேள்வி நிர்வாகத்துக்கு வரவில்லை. 2023 பிப்ரவரியில் பம்பாய் ஐஐடியில் தர்ஷன் சோலங்கி இறந்தபோது, நிறுவனத்தின் விசாரணைக் குழு நேரடியான சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. படிப்பில் ஏற்பட்ட சரிவைக் காரணமாகச் சுட்டியது. கவனித்தீர்களா? மார்க் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், குறைந்த மார்க்கையே பதிலாக வைத்துவிட்டார்கள். டெல்லி எய்ம்ஸ் பற்றி 2007இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஆசிரியர்கள் கைகொடுக்காதது, வாய்மொழித் தேர்வில் சாதியை நேராகவோ சுற்றி வளைத்தோ கேட்பது, எல்லாம் அதில் இருக்கிறது. என் லேப் வைவா எனக்கு மட்டும் நடந்தது என்று நான் பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்த விளக்கக் கட்டத்தை நாம் நம்பலாமா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான சேர்க்கையில் இந்தக் கட்டமே கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கூட்டிக் கழித்து தரவரிசை. உன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, உன் கதையை யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு கொடுமை இருக்கிறது, அப்பா விழுந்தது அந்த 200இல் வராது. ஆனால் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. முகம் பார்த்து மார்க் போடுகிற இடத்தில் நமக்கு என்ன நடக்கும் என்று ஜேஎன்யுவில் அப்துல் நாஃபே குழு 2016இல் காட்டியது: எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க்கோடு ஒப்பிட்டால், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு நேர்காணலில் தொடர்ந்து குறைவாகப் போட்டிருக்கிறார்கள். நேர்காணல் மார்க்கை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொன்னது அந்தக் குழு. அதே ஜேஎன்யுவில்தான் ஒரு காலத்தில் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் முறையும் இருந்தது. மாணவர் தன் துயரத்தை ஒரு வரிகூட எழுத வேண்டாம். எந்த மாவட்டம் என்று சொன்னால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அதுதான் மரியாதையான முறை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, முழு மனிதரைப் பார்க்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அதன் பிறப்பைப் பாருங்கள். 1920களில் ஹார்வர்டிலும் யேலிலும் தேர்வில் நல்ல மார்க் வாங்கி யூத மாணவர்கள் நிறைய வந்தார்கள். அவர்களைக் குறைப்பதற்காகத்தான் குணநலன், பின்னணி, புகைப்படம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு அதே முறை கறுப்பின மாணவர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்தது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தைக் கணக்கில் கொண்டு சேர்ப்பது கூடாது என்றது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்றும் சொன்னது. அதாவது உரிமையாக இருந்ததை எடுத்துவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளையிடம் 'நீயே கதை எழுதிக் கேள்' என்று பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். எழுதத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

அதனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நமக்கு நன்றியுணர்ச்சி பொங்க வேண்டியதில்லை. ஆனால் கட்டம் இருக்கிறது, விண்ணப்பிக்கப் போகிறீர்கள், காலியாக விட்டால் நட்டம் நமக்குத்தான். எனவே எழுதுவோம்.

எப்படி எழுதுவது என்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்கிறேன்.

2024இல் மலையிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். ஜவ்வாது மலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், ப்ளஸ் ஒன்னில் பாதாளம், ப்ளஸ் டூவில் மறுபடி மேலே. இங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் ஒன் மார்க்கைப் பார்ப்பதில்லை. ஆனால் அவள் விண்ணப்பித்தது வெளி மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அவர்கள் எல்லா மார்க் ஷீட்டும் கேட்டார்கள். காரணம் என்ன என்றால், அவள் அப்பா ஆந்திராவில் செம்மர வழக்கில் சிறையில் இருந்தார். பதினான்கு மாதம்.

இந்தப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை இருபது தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. இங்கிருந்து தெற்கே கண்ணமங்கலத்தை ஒட்டிய ஊர்க்காரர்களும் அதில் உண்டு. செத்தவர்களை நாடு பார்த்தது. கூலிக்கு மரம் வெட்டப் போய்ச் சிறையில் கிடந்தவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அவள் 'உடல்நிலை சரியில்லை' என்று எழுதி வைத்திருந்தாள். நான் விடவில்லை. "சிறைன்னு எழுது. அரசு செய்த அநியாயம் இது. நீ ஏன் மறைக்கணும்?" என்று ஒரு மணி நேரம் பேசினேன். எனக்குள் இருந்த இயக்கக்காரன் பேசினான். அவள் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, அது எங்கப்பாவோட விஷயம். அவரைக் கேக்காம நான் எப்படி எழுதறது?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். அவள் சொன்னதுதான் சரி. வழக்கு இன்னும் முடியவில்லை வேறு. நான் என் சாம்பார் வாளியை எழுதலாம், அது என்னுடையது. அவளுடைய அப்பாவின் கைவிலங்கை, முகம் தெரியாத தேர்வுக் குழு படிக்க எழுதச் சொல்ல எனக்கு என்ன உரிமை? உண்மையைச் சொல் என்பதும், உன் துயரத்தையெல்லாம் கடை பரப்பு என்பதும் ஒன்றாகிவிடும் இடம் அது. நம் வலியைக் கேட்டு வாங்கிப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தாளை எடுக்கிறவர்களுக்கு நாம் அவ்வளவு கடமைப்பட்டவர்கள் இல்லை.

கடைசியில் அவளே எழுதினாள். அந்த ஆண்டு முழுதும் அப்பா வீட்டில் இல்லை. அம்மா கூலிக்குப் போனார். ஆடும் இரண்டு தம்பிகளும் என் பொறுப்பு. பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போக முடிந்தது. அடுத்த ஆண்டு அப்பா வந்ததும் எல்லா நாளும் போனேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்ல விரும்பாத ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு அந்த இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள், அப்புறம் பதிலே இல்லை. இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். முதுகலைக்கு மறுபடி அதே இடத்துக்கு விண்ணப்பிப்பேன் என்கிறாள். பிடிவாதக்காரி.

இனி வேலைக்கு வருவோம். என் ஐந்து வரியைப் படிக்கிறேன். அண்ணன் திட்டிய பிறகு நான் எழுதியது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

"2013 ஜூலையில் கட்டட வேலையில் என் தந்தை விழுந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வாரத்துக்கு மூன்று இரவுகள் நான் கேட்டரிங் வேலைக்குப் போனேன். அந்த ஆண்டின் கல்வி உதவித்தொகை அடுத்த கல்வியாண்டில் கிடைத்தது. அந்த இரண்டு செமஸ்டர்களில் ஏழு பாடங்களில் தேறவில்லை. 2015 நவம்பருக்குள் ஏழையும் முடித்தேன். ஐந்தாம் செமஸ்டர் முதல் புதிதாக எதிலும் தோற்கவில்லை."

இதில் 'துரதிர்ஷ்டவசமாக' இல்லை. 'மன்னிக்கவும்' இல்லை. 'வாய்ப்புத் தந்தால் உயிரைக் கொடுத்துப் படிப்பேன்' இல்லை. எப்போது, என்ன, எவ்வளவு நாள், பிறகு என்ன ஆனது. தேதியும் எண்ணும் இருந்தால் குரல் தானாக நிமிர்ந்துவிடும். கடைசி வரி முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். சரிவுக்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதைத்தான் படிக்கிறவர் தேடுவார். ஏழு என்ற எண்ணை மறைக்கவும் வேண்டாம். எந்தப் பாடத்தை எப்போது முடித்தாய் என்று மார்க் ஷீட்டே காட்டிக்கொடுக்கும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருந்தால் மொத்த விண்ணப்பமும் போய்விடும்.

எங்கே எழுதுவது? படிவம் தனி இடம் கொடுத்தால் அங்கே மட்டும். உன் முதன்மைக் கட்டுரையை இதற்குச் செலவழிக்காதே. அதில் நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய், என்ன தெரிந்து வைத்திருக்கிறாய் என்று எழுது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் கொரோனா ஆண்டான 2020இல் இதற்கென்று ஒரு பெட்டி சேர்த்தார்கள். இப்போது பொதுவான இடர்ப்பாடுகளை எழுத இடம் இருக்கிறது. பிரிட்டனில் இளங்கலைக்கு என்றால் உன் பள்ளி அனுப்பும் பரிந்துரையில் இதற்கு ஒரு பகுதி உண்டு. ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி எழுதச் சொல். ஒரே ஒரு பாடத்தில் ஐந்து மார்க் குறைந்தது, யாரும் கேட்கவும் இல்லை என்றால் எழுதவே எழுதாதே. இல்லாத ஓட்டையை நீயே விரல் விட்டுக் காட்டாதே.

கொரோனா ஆண்டுகளில் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2021இல் ப்ளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். வெளிநாட்டில் படிக்கிறவருக்கு இது தெரியாது. ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள் என்பதையும் ஒரே வரியில்.

காகிதம் சேர்த்து வையுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, உதவித்தொகை எந்தத் தேதியில் வந்தது என்று காட்டும் பாஸ்புக் பக்கம், தலைமையாசிரியர் கடிதம். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம், கேட்டால் கொடுக்கக் கையில் இருக்கட்டும்.

சாதியை எழுதுவதா? என் ஐந்து வரியில் லேப் வைவா இல்லை, கவனித்திருப்பீர்கள். எழுதியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது. அன்று என்னிடம் சாட்சி இல்லை, புகார் இல்லை, காகிதம் இல்லை. யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிகள்படி கல்லூரியில் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுப் புகாரை வாங்க ஒரு அதிகாரியும் இருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும். கல்லூரிக்குள் ஏதாவது நடந்தால் அன்றே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், கைப்பற்றுச் சீட்டு வாங்குங்கள். நடவடிக்கை எடுக்கிறார்களோ இல்லையோ, மூன்று வருடம் கழித்து விண்ணப்பத்தில் 'இந்தத் தேதியில் புகார் அளித்தேன்' என்று ஒரு வரி எழுத அது தைரியம் தரும். பிடித்தால் எழுதுங்கள், பிடிக்கவில்லையென்றால் விடுங்கள். மலைத் தங்கையிடம் நான் செய்ததை உங்களிடம் செய்ய மாட்டேன்.

நேர்காணலில் கேட்டால் அதே ஐந்து வரியை வாயால் சொல்லுங்கள். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் நான்கைந்து முறை தொண்டை அடைக்கும். அங்கே அடைப்பதற்கு இங்கே அடைக்கட்டும்.

எனக்கு அந்த முதுகலை இடம் கிடைத்தது. ஐந்து வரியால்தானா என்று சொல்ல முடியாது. நேர்காணலில் அதைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் ஏழு அரியர் என்ற சொல்லை நான் தலை குனியாமல் சொல்ல ஆரம்பித்தது அதை எழுதிய பிறகுதான்.

இந்த ஐந்து வரி வேலைக்காகாத கதவுகளும் இருக்கின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு 125 இடம். தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். 60 என்றால் 60. அப்பா சாரத்திலிருந்து விழுந்ததால் 58 என்றால் வெளியே நில். 2017இல் நம் மாநிலத்திலும், சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிற பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். 2012இல் வந்த அரசாணை 92ஐ நம்பிப் படித்த குடும்பங்கள் அதில் அடிபட்டன. இவையெல்லாம் பத்தி எழுதித் தீராது. இதற்குத் தெருவில் இறங்க வேண்டும், வழக்குப் போட வேண்டும். அதை இன்னொரு நாள் பேசுவோம், இன்றைக்குப் பேச ஆரம்பித்தால் நீங்கள் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

மார்க் ஷீட் நகல் கொண்டுவந்தவர்கள் அப்படியே இருங்கள். தாளை இரண்டாக மடித்து இடது பக்கம் மாதம், வலது பக்கம் அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் இப்போது எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டாம், தமிழில் எழுதுங்கள், பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஆங்கிலத்தை அப்புறம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். போன வாரம் கேட்ட தங்கை எங்கே? முதலில் நீ வா. பேனா இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.